சீலிங் வேலையும் குத்தகையாளரும்



‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டைப் பழுது பார்ப்பதும் அதற்குக் குறைந்த காரியமல்ல. தோட்டத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்து, சேமநிதிப் பணத்தைக் கொண்டு பக்கத்துத் தாமானில் ஒரு மலிவு விலை வீட்டை வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. குடியேறிய சில மாதங்களிலேயே குறைகள் தெரியத் தொடங்குகின்றன. பகலில் வெக்கை தாங்க முடிவதில்லை. மழை பெய்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பதில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் இருக்கும் அறைகள் போதவில்லை. உடனே ஒரு குத்தகையாளரைக் கூப்பிட்டுச் சீலிங் அடிக்கவும், அறையைத் தடுக்கவும் ஏற்பாடு செய்கிறோம். அந்த வேலையை எப்படிக் கொடுப்பது, எப்படிச் சரிபார்த்து வாங்குவது என்பதே இன்றைய பேச்சு.

சுவருக்குச் சாயம் பூசினால் குறையும் நிறையும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சீலிங் வேலை அப்படிப்பட்டதல்ல. சட்டம், ஆணி, மின்கம்பி, வெப்பத்தைத் தடுக்கும் தாள் எல்லாம் பலகைக்கு மேலே மறைந்துவிடும். நாம் பார்ப்பது வெள்ளையடித்த அடிப்பக்கத்தை மட்டுமே. ஆகவே இந்த வேலைக்கு ஒரு விதியை மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். மூடுவதற்கு முன் பார்க்க வேண்டும். பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

இன்னும் தோட்டத்து வீட்டிலேயே குடியிருப்பவர்களுக்கு முதலில் ஒரு சொல். அந்த வீடு நிர்வாகத்தின் சொத்து. அதைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம் கூறுகிறது. கூரை ஒழுகினாலோ, சீலிங் உடைந்து தொங்கினாலோ, தோட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பலன் இல்லையென்றால் தொழிற்சங்கத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் சொல்லுங்கள். கைப்பணத்தைப் போட்டுத் தடுத்த அறையை, ஓய்வு பெறும் நாளில் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

இனி, சொந்த வீட்டுக்காரர்களின் காரியத்துக்கு வருவோம். குத்தகையாளரிடம் பேசுமுன், நாம் எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நண்பகல் வெயிலில் தகரக் கூரையின் சூடு 60 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். காய்ந்த தோசைக்கல்லின் அருகே முகத்தைக் கொண்டுபோனால், தொடாமலே சுடுகிறதல்லவா? அதைப் போலவே கூரையும் தன் சூட்டைக் கீழ்நோக்கி வீசுகிறது. பளபளப்பான அலுமினியத் தாள் இந்த வீச்சைப் பெருமளவு தடுக்கும். பளபளப்பான பரப்பு, தன்மேல் விழும் சூட்டைத் திருப்பி அனுப்புகிறது. தானும் சூட்டைக் குறைவாகவே வீசுகிறது. ஆனால் அந்தப் பக்கத்துக்கு எதிரே ஏறக்குறைய ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி இருக்க வேண்டும். தாள் தகரத்தோடும் பலகையோடும் ஒட்டிக் கிடந்தால் சூடு ஒன்றைத் தொட்டு ஒன்றாகக் கீழே இறங்கிவிடும். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பான தாளானால் அந்தப் பக்கம் கீழ்நோக்கி இருப்பது நல்லது. மேல்நோக்கி இருந்தால் நாளடைவில் தூசி படிந்து பயன் குறைந்துவிடும்.

இன்னொரு பொருள் ராக்வூல். கல்லை உருக்கி நூலாக்கிச் செய்யும் மெத்தை இது. நூல்களுக்கு இடையே அடைபட்ட காற்றுத்தான் சூட்டைத் தடுக்கிறது. நசுக்கினாலும் நனைந்தாலும் பயன் போய்விடும். சீலிங்குக்கு அடிக்கும் ஜிப்சம் பலகையும் தண்ணீருக்குப் பகை. ஊறினால் உப்பித் தொங்கும், பிறகு விழும். எனவே ஒழுகும் கூரையை அடைக்காமல் சீலிங் அடிப்பது வீண் செலவு. குளியலறைக்கும் கூரை விளிம்புக்கும் கல்நார் கலவாத சிமெண்டுப் பலகையே ஏற்றது.

கல்நார் என்றோம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் சீலிங்காக அடித்திருக்கும் கெட்டியான சாம்பல் நிறத் தட்டுகள் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்தவையாக இருக்கக்கூடும். வெறுங்கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. உடையாமல் சும்மா இருக்கும் தட்டினால் ஆபத்து குறைவு. உடைத்தால், அறுத்தால், துளைத்தால் கண்ணுக்குத் தெரியாத நூல்கள் காற்றில் பறக்கும். மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தங்கும். 20, 30, 40 ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயை உண்டாக்கும். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோயை விளைவிப்பவை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியுள்ளது.

சில வேலையாட்கள் என்ன செய்கிறார்கள்? பழைய தட்டைச் சுத்தியலால் அடித்துத் தூள் தூளாகக் கீழே தள்ளுகிறார்கள். அவர்கள் போன பிறகு அந்தத் தூளைப் பெருக்கி அள்ளுவது யார்? பெரும்பாலும் வீட்டுத் தாய்மார்கள்தான். பக்கத்தில் பிள்ளைகள் விளையாடிக் கொண்டிருக்கும். இது கூடவே கூடாது. சந்தேகமான தட்டு என்றால் அதைக் கல்நார் என்றே எண்ணி நடக்க வேண்டும். நீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தட்டாக இறக்க வேண்டும். தடித்த பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டும். வேலை முடியும்வரை பிள்ளைகள் வேறு வீட்டில் இருக்கட்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கொல்லையில் புதைக்கவோ, அறுத்துக் கோழிக் கூட்டுக்குக் கூரையாகப் போடவோ வேண்டாம். எங்கே, எப்படி ஒப்படைப்பது என்று நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள். ‘பழைய தட்டை எப்படி இறக்குவீர்கள்?’ என்று குத்தகையாளரிடம் முதலிலேயே கேட்டுப் பாருங்கள். அவர் எப்படிப்பட்டவர் என்பதை அந்த ஒரு பதிலே காட்டிவிடும்.

மின்சாரமும் அப்படியே. அலுமினியத் தாளில் மின்சாரம் பாயும். ஆஸ்திரேலியாவில் 2009ஆம் ஆண்டில், வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத் தடுப்புப் போடும் பெரிய திட்டம் ஒன்றை அரசாங்கம் தொடங்கியது. போதிய பயிற்சியில்லாத ஆட்கள் அவசர அவசரமாக வேலையில் இறங்கினார்கள். நான்கு இளைஞர்கள் உயிரிழந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கியும், ஒருவர் கூரைக்கடியில் வெப்பம் தாங்காமலும் மாண்டனர். 2010ஆம் ஆண்டு பிப்ரவரியில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. நம் வீட்டிலும் கூரைக்குக் கீழே ஆள் ஏறுமுன் மெயின் சுவிட்சை அடைத்துவிட வேண்டும். மின்கம்பி வேலையைப் பதிவு பெற்ற வயர்மேனிடமே கொடுக்க வேண்டும்.

சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். வாய்ச்சொல்லாக அல்ல, எழுத்தில் கேளுங்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டுமான வேலை எடுப்பவர்கள் சி.ஐ.டி.பி. எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணை வாங்கி, படித்த பிள்ளைகளைக் கொண்டு சரிபாருங்கள். அவர் செய்த பழைய வேலை ஒன்றையும் போய்ப் பாருங்கள். போன வாரம் முடித்த வீட்டைப் பார்த்துப் பயனில்லை. ஓர் ஆண்டு மழையைக் கண்ட வீடாக இருக்க வேண்டும். பலகைகள் சேருமிடத்தில் வெடிப்பு இருக்கிறதா, மஞ்சள் கறை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தாலே விஷயம் விளங்கும்.

அளவை நாமே எடுத்து வைத்துக் கொள்வது நல்லது. 12 அடிக்கு 20 அடிக் கூடம் 240 சதுர அடி. 4 அடிக்கு 8 அடிப் பலகை ஒன்று 32 சதுர அடி. ஏழரைப் பலகை வேண்டும். எட்டு வாங்கி, சேதத்துக்கு ஒன்று கூட்டினால் ஒன்பது. இந்தக் கணக்குத் தெரிந்தவரிடம் பன்னிரண்டு பலகைக்குப் பணம் கேட்க யாரும் யோசிப்பார்கள்.

பிறகு ஒப்பந்தம். ‘நம்ம பையன்தானே, எழுத்து எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. எழுதுவது சந்தேகத்தினால் அல்ல. உறவு கெடாமல் இருப்பதற்காகவே எழுதுகிறோம். குத்தகையாளரின் முழுப் பெயர், அடையாளக் கார்டு எண், முகவரி, பதிவு எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். எந்தப் பலகை, எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு, சட்டம் மரமா துரு ஏறாத இரும்பா, எந்தத் தாள், குப்பையை யார் அகற்றுவது, எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிப்பது, மொத்தத் தொகை எவ்வளவு என்பதெல்லாம் வரிசையாக வர வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால், ஒருவரைப் படித்துப் பொருள் சொல்லச் செய்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வீட்டின் பின்புறத்தை நீட்டுவதாக இருந்தாலோ, சுவரை இடிப்பதாக இருந்தாலோ நகராண்மைக் கழகத்தின் அனுமதியும் வேண்டும்.

பணத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘சாமான் வாங்கப் பாதிப் பணம் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் வேலை செய்துவிட்டு, பிறகு தொலைபேசியை எடுக்காதவர்களும் இருக்கிறார்கள். சான்றாக, மொத்தம் 6,000 வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். கையெழுத்தின்போது 600 வெள்ளி. சாமான்கள் வந்து இறங்கி, எண்ணிச் சரிபார்த்த பிறகு 1,800. சட்டமும் தாளும் கம்பியும் முடிந்து, பலகை அடிக்குமுன் நாம் பார்த்த பிறகு 1,800. பலகை அடித்து முடிந்ததும் 1,200. ஒரு பெருமழை பெய்து, ஒழுக்கு இல்லை என்று தெரிந்த பிறகு மிச்சம் 600. ஒவ்வொரு முறையும் ரசீது வாங்க வேண்டும். நம் கையில் நிற்கும் மிச்சப் பணம்தான் வேலையைக் கடைசிவரை இழுத்து வரும் கயிறு.

மூடுமுன் என்ன பார்ப்பது? ஏணியில் இளையவர் ஒருவர் டார்ச்சு விளக்குடன் ஏறட்டும். தாள் கிழியாமல், இடைவெளியோடு இருக்கிறதா? மின்கம்பி ஏதும் சட்டத்தில் நசுங்கியிருக்கிறதா? காற்றாடியின் கொக்கி கூரை உத்தரத்தில் மாட்டப்பட்டிருக்கிறதா? ஜிப்சம் பலகை காற்றாடியைத் தாங்காது. தடுப்புச் சுவரில் சாமித் தட்டோ தொலைக்காட்சியோ மாட்டுவதாக இருந்தால், அந்த இடத்தில் உள்ளே மரக்கட்டை வைத்திருக்கிறார்களா? எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

இவ்வளவு செய்தும் வேலை கெட்டுப் போனால், வேலையாளோடு சண்டைக்குப் போக வேண்டாம். பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மலாய் மொழியில் ‘திரிபுனல் துந்துத்தான் பெங்குனா’ என்பார்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டு போகலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, நாமே பேசலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் தெரியாமல் மனுவை நிரப்ப முடியாது. ஒப்பந்தமும், ரசீதும், படமும் இருந்தால்தான் நம் வாய்க்கு வலிமை. மனு எழுதத் தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளிடம் யோசனை கேட்கலாம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. பால் மரத்தடியிலும் செம்பனைக் காட்டிலும் வெயிலும் மழையும் பட்டுச் சேர்த்த பணம் அது. அந்தப் பணத்தில் அமையும் கூரையின் கீழே நம் பிள்ளைகள் நல்ல காற்றைச் சுவாசித்து, வெக்கையில்லாமல் படித்து உறங்க வேண்டும். அதற்காக நான்கு கேள்வி கூடுதலாகக் கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை. நல்ல குத்தகையாளர் அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.