சூழலியல் வழிமுறை வளர்ச்சி

சூழலியல் வழிமுறை வளர்ச்சி என்பது, ஓரிடத்தில் வாழும் உயிரினச் சமுதாயம் காலப்போக்கில் படிப்படியாக மாறி, அதனிடத்தில் வேறொரு சமுதாயம் அமைவதைக் குறிக்கும். எரிமலை, காட்டுத்தீ, வெள்ளம் முதலியவற்றால் சிதைந்த சூழல்மண்டலங்கள் மீள்வதும் இவ்வாறே ஆகும்.

வகைகள்

மண்ணே இல்லாத இடத்தில் தொடங்குவது முதல்நிலை வழிமுறை வளர்ச்சி எனப்படும். புதிய எரிமலைப் பாறை, பனியாறு பின்வாங்கிய நிலம் ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். இங்கு லைக்கன்கள், பாசிகள் போன்ற முன்னோடி உயிரினங்கள் முதலில் குடியேறுகின்றன. அவை மடிந்து மக்குவதால் மண் உருவாகிறது. இது மிக மெதுவாக நிகழும்.

மண்ணும் அதிலுள்ள விதைகளும் வேர்களும் எஞ்சியிருக்கும் இடத்தில் நிகழ்வது இரண்டாம்நிலை வழிமுறை வளர்ச்சி ஆகும். கைவிடப்பட்ட வயலிலும் தீயில் எரிந்த காட்டிலும் இதனைக் காணலாம். பொதுவாகப் புற்களும் செடிகளும் முதலில் வளர்ந்து, பின்னர் புதர்களும் மரங்களும் தோன்றும்.

செயின்ட் எலன்ஸ் மலை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள செயின்ட் எலன்ஸ் எரிமலை 1980 மே 18 அன்று வெடித்தது. இதில் 57 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பு வெடிப்பின் வீச்சுக்கு உள்ளாயிற்று. மலையின் வடக்கே நுரைக்கற்கள் மூடிய சமவெளியில் முதல்நிலை வளர்ச்சி தொடங்கியது. அங்கு முதலில் வேரூன்றியவற்றுள் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த லூப்பின் செடி குறிப்பிடத்தக்கது. இதன் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரசனை நிலைநிறுத்தியதால், பிற தாவரங்கள் வளர வழி ஏற்பட்டது.

மலையிலிருந்து சற்றுத் தள்ளி, மரங்கள் சாய்ந்த பகுதிகளில் நிலைமை வேறாக இருந்தது. பனிக்கு அடியில் இருந்த இளமரங்களும், வளைகளில் வாழும் கோஃபர் எனும் கொறிணிகளும் பல இடங்களில் பிழைத்தன. கோஃபர்கள் வளை தோண்டும்போது பழைய மண்ணைச் சாம்பலுக்கு மேலே கொணர்ந்தன. இத்தகைய இடங்கள் நுரைக்கல் சமவெளியை விட விரைவாக மீண்டன.

1982 இல் இப்பகுதி தேசிய எரிமலை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, இயற்கையாக மீள விடப்பட்டது. அதற்கு வெளியே பல இடங்களில் சாய்ந்த மரங்கள் அகற்றப்பட்டு, புதிய கன்றுகள் நடப்பட்டன. நடப்பட்ட இடங்கள் ஒரே வயதுடைய அடர்ந்த ஊசியிலைக் காடுகளாயின. இயற்கையாக மீண்ட இடங்களிலோ பூண்டுகளும் புதர்களும் இளமரங்களும் பட்ட மரங்களும் கலந்து காணப்படுகின்றன.

உச்சநிலைச் சமுதாயம்

ஒவ்வொரு தட்பவெப்பப் பகுதியிலும் வழிமுறை வளர்ச்சி நிலையான ஓர் உச்சநிலைச் சமுதாயத்தில் முடியும் என்று பிரெடெரிக் கிளெமென்ட்ஸ் 1916 இல் விளக்கினார். ஒவ்வோர் இனமும் தனித்தனியாகவே பரவுகிறது எனக் கூறி, ஹென்றி கிளீசன் 1926 இல் இதனை மறுத்தார். எஞ்சிய உயிர்கள், வந்துசேரும் விதைகள், மீண்டும் நேரும் இடையூறுகள் ஆகியவற்றைப் பொறுத்து ஒரே தட்பவெப்பத்திலும் வெவ்வேறு சமுதாயங்கள் உருவாகலாம் என்பது இன்றைய சூழலியலாளரின் பொதுவான கருத்தாகும்.