வேகம் எதனால் வருகிறது?



ஓமலூரிலிருந்து சேலம் சுமார் 15 கிலோமீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 15 நிமிடம். 80-ல் பறந்தால் மிச்சமாவது நாலு நிமிடம்கூட இல்லை. ஆனால் வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும்.

பிறகு ஏன் வேகம்?

பழக்கம்: "நேத்தும் இப்படித்தான் போனேன், ஒண்ணும் ஆகலையே" என்று பயம் விட்டுப் போகிறது.

வீம்பு: பின்னால் நண்பன் உட்கார்ந்தால் வீரம் காட்டத் தோன்றுகிறது.

கோபம்: நாம் குறுக்கே திரும்பினால் 'அவசரம்', அடுத்தவர் திரும்பினால் 'திமிர்'. சந்தையில் தோள் இடித்தால் முகம் பார்த்துப் பொறுத்துக் கொள்கிறோம். ரோட்டில் முகம் தெரிவதில்லை, வண்டிதான் தெரிகிறது. கோபத்தில் நெஞ்சு படபடக்கும். கண் முந்திப் போனவனையே துரத்தும். ஓரமாக நடக்கும் குழந்தை தெரியாது.

2020 டிசம்பரில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி, காத்து நின்ற பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மீது மோதி உயிர்கள் பலியாயின. நின்றவர்கள் செய்த தவறு என்ன?

நாம் செய்ய வேண்டியவை:

* குழுக் கடனில் பைக் வாங்கும்போதே ஹெல்மெட்டும் வாங்குவோம்.
* 18 வயது ஆகாத பிள்ளையிடம் சாவி வேண்டாம். 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை.
* சண்டை போட்ட சூட்டோடு வண்டி எடுக்க விடாதீர்கள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள்.
* "எங்க இருக்கே? சீக்கிரம் வா" என்று போன் செய்யாமல், "மெதுவா வா கண்ணு" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புவோம்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.