டி.வி.யில் விண்கலம் பறப்பது எப்படி? 5 விநாடி காட்சிக்கு 2½ நாள் உழைக்கும் கம்ப்யூட்டர்

காஞ்சீபுரம்:

ராக்கெட் வெடிக்கிறது. ரோபோ நடந்து வருகிறது. ஆகாயத்தில் சண்டை தூள் பறக்கிறது. டி.வி. தொடரில் இதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் கிராபிக்ஸ்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் பல பேருடைய ராத்திரி தூக்கம் இருக்கிறது.

பிளஸ்-2 முடித்ததும் 'அனிமேஷன் படிக்கிறேன்' என்று நிற்கும் பிள்ளைகள் சென்னையில் மட்டுமல்ல, ஏனாத்தூர், உத்திரமேரூர் பக்கமும் உண்டு. பணம் கட்டும் முன் அந்த வேலை எப்படிப்பட்டது என்று பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது.

முன்பெல்லாம் விண்கலம் என்றால் சின்னதாக பொம்மை செய்து, பக்கத்தில் கேமராவை நகர்த்திப் படம் பிடிப்பார்கள். செலவு எக்கச்சக்கம். 1993-ல் அமெரிக்காவில் 'பாபிலோன் 5' தொடர் வந்தபோது கதை மாறியது. 'பவுண்டேஷன் இமேஜிங்' என்ற சின்ன நிறுவனம் 'அமிகா' ரக கம்ப்யூட்டர்களை வைத்தே விண்வெளியைக் காட்டி, எம்மி விருதும் வாங்கியது.

நம் நாட்டில் 1998-ல் தூர்தர்ஷனில் 'கேப்டன் வ்யோம்' வந்தது. கேதன் மேத்தா இயக்கிய தொடர். மிலிந்த் சோமன் ஹீரோ. 2123-ம் ஆண்டில் நடக்கும் கதை. இப்போது பார்த்தால் சிரிப்பு வரலாம். அன்றைக்கு அதுவே அதிசயம்!

கம்பிக்கூடு முதல் கோர்வை வரை

முதலில் கம்ப்யூட்டரில் கம்பிக்கூடு போல விண்கலத்தின் உருவம். அதன் மேல் பெயிண்ட், துரு, கீறல். புதுசா பளபளன்னு இருந்தா பொய்னு தெரிஞ்சிடும். பிறகு வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, கலம் எப்படித் திரும்புகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும்.

அடுத்து 'ரெண்டரிங்'. நம்மூர் டி.வி.க்கு ஒரு விநாடிக்கு 25 படங்கள். ஒரு படத்தைக் கம்ப்யூட்டர் உருவாக்க அரை மணி நேரம் என்று வைத்தாலும் 5 விநாடிக்கு 125 படம். அதாவது 62½ மணி நேரம்! நடுவில் கரண்ட் போனால் அம்புட்டுதான். அதனால் பல கம்ப்யூட்டர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

பச்சைத் திரை முன்னால் நடித்த நடிகரை இதோடு சேர்ப்பது கடைசி வேலை. பட்டுச்சேலையில் உடம்பையும் பார்டரையும் கோர்வை போட்டு இணைப்பது காஞ்சீபுரத்துக்காரர்களுக்குத் தெரியும். அதே கதைதான். சேர்த்த இடம் தெரிந்தால் வேலை கெட்டது.

பச்சைத் திரை இல்லாத காட்சி என்றால் நடிகரின் ஓரத்தைப் படம் படமாகக் கோடு போட்டு வெட்ட வேண்டும். தலைமுடி பறந்தால் தொலைந்தது. இதற்குப் பெயர் 'ரோட்டோ'. புதுசாகச் சேருபவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது விண்கலம் அல்ல, இந்த வேலைதான்.

ஒரே நாளில் போன வேலை

வெளிநாட்டுத் தொடர்களின் வேலை இந்தியாவுக்கு வருவதால் சென்னை, பெங்களூர், மும்பையில் பலர் பிழைக்கிறார்கள். ஆனால் வேலை நிரந்தரம் என்று நம்ப முடியாது. 2025 பிப்ரவரியில் பாரீசைத் தலைமையிடமாகக் கொண்ட 'டெக்னிகலர்' நிறுவனம் நொடித்தபோது, இந்தியாவில் மட்டும் சுமார் 3 ஆயிரம் பேர் நடுத்தெருவில் நின்றார்கள்.

கோர்ஸில் சேரும் முன், அங்கே படித்தவர்கள் செய்த 'ஷோ ரீல்' என்ற சிறு வீடியோவைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். வேலை கேட்டுப் போகிற இடத்தில் சர்டிபிகேட்டைவிட அதைத்தான் முதலில் கேட்பார்கள்.