டியூப் இல்லா டயருக்குள் காய்ந்துபோகும் 'சீலன்ட்': மலைப் பயணத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

கொல்கத்தா: டியூப் இல்லாத (டியூப்லெஸ்) டயர் பொருத்திய மலைப் பாதை மிதிவண்டியின் சக்கரத்தில் முள் குத்தினால், அந்தத் துளை பெரும்பாலும் சில நொடிகளில் தானாகவே அடைபட்டுவிடும். டயருக்குள் ஊற்றப்படும் 'சீலன்ட்' எனும் திரவமே இதற்குக் காரணம். ஆனால், அத்திரவம் ஒருமுறை ஊற்றினால் என்றைக்கும் நிலைத்திருப்பதன்று. சில மாதங்களில் அது காய்ந்துவிடும். கோடை வெப்பம் மிகுந்த கொல்கத்தாவில் அந்தக் காலம் மேலும் குறைகிறது.

சமவெளியில் அமைந்துள்ள இந்நகரில் மிதிவண்டி ஓட்டுவோருக்கு மலைப் பாதை என்பது தொலைதூரப் பயணம். டார்ஜீலிங் மாவட்டத்தின் சந்தக்ஃபூ, புருலியா மாவட்டத்தின் அயோத்தியா மலை போன்ற இடங்களுக்குச் சென்ற பிறகு டயரில் குறை தெரியவந்தால், அருகில் பழுதுபார்க்கும் கடை இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. எனவே, சோதனையை வீட்டிலேயே முடித்துக்கொள்வது அவசியமாகிறது.

சீலன்ட் எவ்வாறு செயல்படுகிறது?

பெரும்பாலான சீலன்ட்களின் அடிப்படைப் பொருள் ரப்பர் பால். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர் மரங்களிலிருந்து வடிக்கப்படும் அதே பால்தான். அது உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியா சேர்க்கும் முறை ரப்பர் தொழிலில் நெடுங்காலமாக உள்ளது. பல சீலன்ட்களில் வீசும் நெடிக்கும் அதுவே காரணம். இதனுடன் நுண்துகள்களும் கலக்கப்படுகின்றன.

டயரில் துளை விழுந்தவுடன், வெளியேறும் காற்று திரவத்தையும் துளையை நோக்கித் தள்ளுகிறது. துகள்கள் துளையில் சிக்கிக்கொள்ள, ரப்பர் பால் அவற்றைச் சுற்றி உறைந்து அடைப்பாக மாறுகிறது. சிறு துளைகளுக்கு இது போதுமானது. கூரிய கல் கிழித்த பெரிய வெட்டுகளுக்குத் தனியாக ரப்பர் திரி செருகி அடைக்க வேண்டும்.

ஏன் காய்கிறது?

சீலன்டில் உள்ள நீர் சிறிது சிறிதாக ஆவியாகி, டயரின் பக்கச் சுவர் வழியாக வெளியேறுகிறது. வெப்பம் கூடினால் இது விரைவுபடும். கடந்த 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று கொல்கத்தாவில் 43 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. இத்தகைய நாள்களில் மொட்டை மாடியிலோ தகரக் கூரையின் கீழோ நிறுத்தப்படும் மிதிவண்டியின் சீலன்ட் விரைவில் கெட்டியாகும். ரப்பர் பால் வகை சீலன்ட் பொதுவாக 2 முதல் 6 மாதங்கள் வரை திரவ நிலையில் இருக்கும். கோடையில் மாதம் ஒருமுறை சோதிப்பது பாதுகாப்பானது.

இதில் கவனிக்க வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. சீலன்ட் காய்ந்த பின்னரும் டயர் காற்றைத் தக்கவைத்துக்கொள்ளக்கூடும். உட்புறத்தில் படிந்த ரப்பர் படலம் நுண்துளைகளை மூடியே வைத்திருப்பதால், வெளித் தோற்றத்தில் குறை தெரியாது. புதிதாக முள் குத்தும்போதுதான், அடைப்பதற்குத் திரவம் இல்லை என்பது தெரியவரும்.

சோதிப்பது எப்படி?

முதலில் வால்வை நான்கு மணி அல்லது எட்டு மணி நிலைக்குக் கொண்டுவந்து காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். வால்வு நேர் கீழே இருக்கும்போது காற்றைத் திறந்துவிட்டால் திரவம் வால்வுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளக்கூடும். பின்னர் வால்வின் உள்பகுதியைக் கழற்றி, வால்வைக் கீழே கொண்டுவந்து, மெல்லிய பிளாஸ்டிக் குச்சியை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். குச்சி உலர்ந்தோ, பிசுபிசுப்பான கட்டிகளுடனோ வந்தால் புதிய சீலன்ட் தேவை.

29 அங்குலச் சக்கரத்தின் அகலமான டயருக்குப் புதிதாக ஊற்றும்போது சுமார் 100 முதல் 120 மில்லி லிட்டர் தேவைப்படும். இடையில் நிரப்புவதற்கு அதில் பாதியளவு போதும். ஊற்றும் முன் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லையெனில் துகள்கள் அடியிலேயே தங்கிவிடும். காற்றடித்த பின் சக்கரத்தைச் சுழற்றி, சிறிது தூரம் ஓட்டினால் திரவம் எங்கும் பரவும்.

தவிர்க்க வேண்டியவை

வெவ்வேறு நிறுவனங்களின் சீலன்ட்களை ஒன்றாகக் கலக்கக் கூடாது. அவை உள்ளேயே உறைந்துபோக வாய்ப்புண்டு. கார்பன் டை ஆக்சைடு குப்பியால் காற்றேற்றினால் அதன் கடுங்குளிர் ரப்பர் பாலைத் திரளச் செய்யலாம் என்பதால், அவ்வேளையில் வால்வு மேற்புறம் இருக்க வேண்டும். எஞ்சிய சீலன்டைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் அது உறைந்து குழாயை அடைத்துவிடும். ரப்பர் பால் ஒவ்வாமை உடையவர்கள் கையுறை அணிய வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை டயரைக் கழற்றி, காய்ந்த படலத்தை உரித்தெடுத்து, ரிம்மில் ஒட்டப்பட்ட நாடாவையும் சரிபார்ப்பது நல்லது.

மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த சிகரமான சந்தக்ஃபூ, கடல் மட்டத்திலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் உள்ளது. அத்தகைய பாதைக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே சீலன்டைச் சோதித்துவிட்டால், கசிவு ஏதேனும் இருப்பின் ஊரிலேயே தெரிந்துவிடும். அவ்வாறு சோதித்த பின்னரும், ஒரு மாற்று டியூப், அடைப்புத் திரி, கைப் பம்பு ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். நல்ல நிலையில் உள்ள சீலன்டாலும் அடைக்க முடியாத கிழிசல் மலைப் பாதையில் நேரக்கூடும்.