மளிகைக் கடையில் ஒரு பாட்டுக் குடும்பம்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், கிளின்ச் மலையடிவாரத்தில் ஹில்டன்ஸ் என்றொரு சிற்றூர். அங்கே ஏ.பி. கார்ட்டர் நடத்திய மளிகைக் கடைதான் இன்று அருங்காட்சியகம். பக்கத்திலேயே அவர் பிறந்த மரவீடு. பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

1927-இல் ஏ.பி., மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல் மூவரும் பிரிஸ்டல் நகருக்குப் போய்ப் பாடிப் பதிந்த பாட்டுகள் நாடெங்கும் பரவின. மேபெல் அப்போது கர்ப்பிணி. கிட்டாரின் தடித்த தந்திகளில் கட்டைவிரலால் மெட்டையும், மெல்லிய தந்திகளில் விரலால் தாளத்தையும் ஒருசேர வாசிப்பார். இன்றும் கற்றுக்கொள்பவர்கள் அந்தப் பாணியில்தான் விரலை ஒடித்துக்கொள்கிறார்கள்.

ஏ.பி. மலைக்கிராமங்களில் பாட்டு சேகரித்தபோது அவர் வரிகளை எழுத, மெட்டை மனத்தில் பிடித்து வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர். கார்ட்டர் பெயரைச் சொல்கிற இடத்திலெல்லாம் இவர் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

ஹில்டன்ஸுக்குப் போவதானால் சனிக்கிழமை மாலை போங்கள். ஏ.பி.யின் மகள் ஜேனட் 1974-இல் தொடங்கிய கச்சேரி உண்டு. மின் கிட்டார் கூடாது, மதுவும் கூடாது. மேபெலின் மருமகன், பாடகர் ஜானி கேஷுக்கு மட்டும் கருவி விஷயத்தில் சலுகை இருந்தது. 2003 ஜூலையில் அவர் கடைசியாக மேடையில் பாடியதும் இங்கேதான். பிடில் சூடேறினால் பாட்டிமார்கள் தகடு வைத்த செருப்போடு மேடையோரம் ஆட இறங்கிவிடுகிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், முழங்கால் சம்மதிக்கவில்லை.