அடையாள அட்டை இலக்கம் சொல்லும் கணக்கு

இந்நாட்டில் ஒவ்வொருவரும் சட்டைப்பையில் ஒரு பேரெண்ணைச் சுமந்து திரிகின்றோம். தேசிய அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்க எண்ணே அது. 1985ஆம் ஆண்டு பிறந்த ஒருவரின் எண்ணை முழு எண்ணாக வாசித்தால், அது பத்தொன்பதாயிரத்து எண்ணூறு கோடிக்கும் மேற்பட்டதாகும். ஆயினும் இது ஏதோ வாய்ப்பில் கிடைத்த எண்ணன்று.

முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கின்றன. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் கூறுகின்றன. பெண்களுக்கு அந்நாளுடன் 500 கூட்டப்படும். 1985 டிசம்பர் 5ஆம் திகதி பிறந்த ஆணின் எண் 1985340 எனவும், அதே நாளில் பிறந்த பெண்ணின் எண் 1985840 எனவும் தொடங்கும். இக்கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்களே. ஆகவே எந்த ஆண்டிலும் மார்ச் முதலாம் திகதி 61ஆம் நாளாகும். பின்வரும் நான்கு இலக்கங்கள் வரிசை எண். கடைசி இலக்கம் பிழையைக் கண்டறிவதற்கான சரிபார்ப்பு இலக்கம். எனவே இரு ஆண்களின் எண்களை ஒப்பிட்டால், சிறிய எண்ணுக்குரியவர் வயதில் இளையவராக இருக்க முடியாது.

முன்னைய ஒன்பது இலக்க முறையில் ஆண்டுக்கு இரண்டு இலக்கங்களே இருந்தன. 1900இல் பிறந்தவருக்கும் 2000இல் பிறந்தவருக்கும் அதில் வேறுபாடு தெரியாது. 2000இல் பிறந்த பிள்ளைகள் பதினாறு வயதை எட்டிய 2016இலேயே புதிய முறை நடைமுறைக்கு வந்தது.

2020இல் கொவிட் ஊரடங்கின்போது, வெளியே செல்லும் நாளை இவ்வெண்ணின் கடைசி இலக்கத்தைக் கொண்டே அரசு வகுத்தது. திங்கட்கிழமை 1, 2. வெள்ளிக்கிழமை 9, 0 என்றவாறு அது அமைந்தது. முன் இலக்கங்களைக் கொண்டு பிரித்திருந்தால் ஒரே வயதினர் ஒரே நாளில் திரண்டிருப்பர். கடைசி இலக்கமோ வயதைப் பின்பற்றி அமைவதில்லை.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விடயம் உள்ளது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் பத்திரங்களை இழந்தவர்களே. பிறப்புச் சான்றிதழ் இன்றி உத்தேச வயதைக் கொண்டு பதியும்போது பிறந்த திகதி பிழைத்தால், அப்பிழை எண்ணுக்குள்ளேயே உறைந்துவிடும். சரிபார்ப்பு இலக்கம் எழுத்துப் பிழையைக் காட்டுமேயன்றி, தவறான திகதியைக் காட்டாது. ஆகவே விண்ணப்பிக்கும்போதே திகதியைச் சரிபார்ப்பது அவசியம்.

மற்றொன்று: அட்டையின் பிரதியை மறைத்தாலும், எண்ணை மட்டும் சொன்னாலே நமது பிறந்த நாளும் பாலும் வெளிப்பட்டுவிடுகின்றன. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியுள்ளது. எனினும் கேட்டவருக்கெல்லாம் எண்ணைக் கொடுக்கும் நமது வழக்கத்தைச் சட்டம் மட்டும் மாற்றிவிடாது. எதற்காகக் கேட்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்பது நமது உரிமை.