சட்டைப் பையில் ஐம்பது ரூபாய்

சம்பளம் மாசக் கடைசியில் வரும். எவ்வளவு என்பதும் தெரியும். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறோம். ஆனால் துவைக்கப் போட எடுத்த சட்டைப் பையில் ஐம்பது ரூபாய் நோட்டு கிடைத்தால் முகமே மலர்ந்துவிடுகிறது. அதுவும் நம்ம காசுதான், நாமே வைத்து மறந்தது. கணக்குப்படி வரவு பூஜ்யம். அப்புறம் எதற்கு இந்தச் சந்தோஷம்?

வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கொடுத்தால் அதன் மூளையில் உள்ள டோபமின் நரம்பணுக்கள் படபடவென்று துடிக்கின்றன. விளக்கு எரிந்த பிறகுதான் சாறு வரும் என்று பழக்கிவிட்டால், துடிப்பு விளக்குக்கு மாறிவிடுகிறது. சாறு வரும்போது ஒரு சலனமும் இல்லை. அதே சாறுதான், அதே குரங்குதான்! விளக்கு எரிந்தும் சாறு வரவில்லையென்றால், வரவேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைகிறது.

ஆக, அந்த அணுக்கள் அளப்பது சாற்றை அல்ல, வித்தியாசத்தை. கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வருவது எதுவோ, அதை. ஷூல்ட்ஸ், பீட்டர் தயான், ரீட் மான்டேக் மூவரும் இதை 1997-ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். என்னைப் போன்ற மென்பொருள்காரனுக்கு இதில் கூடுதல் குஷி. ரிச்சர்ட் சட்டன் 1988-ல் கணினிக்குக் கற்றுக்கொடுக்க எழுதிய முறையும் இதே கழித்தல்தான்.

வாட்ஸ்அப்பில் சுற்றுவதுபோல டோபமினை 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தொடர்பு இருக்கிறது. 2014-ல் ராப் ரட்லெட்ஜும் அவருடைய லண்டன் குழுவும் ஆட்களைச் சின்னச் சின்னப் பந்தயங்கள் ஆடவைத்து, இடையிடையே 'இப்போ எவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?' என்று கேட்டார்கள். பிறகு செல்போன் செயலி வழியாக 18,000 பேருக்கு மேல் இதையே ஆடினார்கள். மொத்தம் எவ்வளவு ஜெயித்தார்கள் என்பதைவிட, எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்ததா என்பதுதான் பதிலைத் தீர்மானித்தது.

எனக்கு இது வெறும் படிப்புச் சமாச்சாரம் இல்லை. நாற்பதைத் தாண்டியபின் அதே ரயில், அதே மீட்டிங், அதே சாம்பார். மூளை எல்லாவற்றையும் சரியாகக் கணித்துவிடுகிறது. போன வருஷத்தை நினைச்சுப் பார்த்தா தனித்தனியா நாலஞ்சு நாள்தான் ஞாபகம் வருது. மீதி எங்கே போச்சு? கொஞ்சம் பயமாகவே இருந்தது.

பெரிதாக ஏதாவது வாங்கலாம். எதிர்பார்ப்பும் கூடவே ஏறிவிடும். எதிர்பார்ப்பையே விட்டுவிடு என்பார்கள். கழிப்பதற்கு ஒன்றுமே இல்லையென்றால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? நான் செய்வது நேர்மாறு. தினமும் பார்க்கிற ஒன்றைப் பற்றி, பார்ப்பதற்கு முன்பே துல்லியமாக ஓர் ஊகம் சொல்லிவிடுவது.

ஒரு உதாரணம். மரத்தடியில் இலைகளின் இடுக்கு வழியே விழும் வெயில் பொட்டுகள் என்ன வடிவம்? என் மகளிடம் கேட்டேன். 'இடுக்கு எப்படி இருக்கோ அப்படித்தான், கோணல்மாணலா' என்றாள். போய்ப் பார்த்தால் பெரும்பாலானவை வட்டம்! தூரத்தோடு ஒப்பிட்டால் இடுக்கு மிகச் சிறியது என்பதால் ஊசித்துளை கேமரா போல வேலை செய்கிறது. தரையில் விழுவது இடுக்கின் வடிவம் அல்ல, சூரியனின் பிம்பம். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று இதே பொட்டுகள் பிறை பிறையாக விழுந்தன.

இன்னும் ஒன்று. சூரியனின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 108 மடங்கு தூரத்தில் சூரியன் இருக்கிறது. (108 என்றதும் சிலர் கிளம்பிவிடுவார்கள். பூமியின் பாதை நீள்வட்டம் என்பதால் இது வருஷத்துக்குள் சுமார் 106 முதல் 109 வரை மாறும், விட்டுவிடுங்கள்.) அதே விகிதம்தான் பொட்டுக்கும். உச்சி வெயிலில் பொட்டின் அகலம் 5 சென்டிமீட்டர் என்றால், அதை விட்ட இடுக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மகள் பள்ளி ஸ்கேலை வைத்துக்கொண்டு எங்கள் தெரு வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் குந்தியிருந்தாள். நானும்தான்.

சாயங்காலம் வெயில் சரியும்போது வட்டம் நீள்வட்டமாகும். நாலு மணிக்கு அகலத்தைப்போல் எத்தனை மடங்கு நீளும்? முதலில் ஒரு எண் சொல்லுங்கள், அப்புறம் ஸ்கேலை எடுங்கள்.